பூஜைக்கு வைத்த துப்பாக்கி

மரக்காணம்
18.9.2005

அன்புள்ள மாமாவுக்கு,

ஆண்டாள் எழுதுவது. நானும் சரண்யாவும் அத்தையும் உங்கள் தம்பி செந்தமிழும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். வெயிலில் குழாய் மாட்டப் போகும்போது நீங்கள் தலைக்குத் துணி கட்டிக்கொள்கிறீர்களா? போன வெள்ளிக்கிழமை போனில் உங்கள் குரல் கரகரவென்று இருந்தது. கேட்டால் ஏ.சி. ரூம் என்கிறீர்கள். மஸ்கட்டில் ஏ.சி.க்குத்தான் தொண்டை கட்டுமா, அல்லது மனைவியிடம் பேசினால் கட்டுமா என்று தெரியவில்லை.

போனில் சொல்ல வேண்டியதை ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். மாரியம்மாள் வீட்டுப் போன் கூடத்தின் நடுவில் இருக்கிறது. நான் பேசும்போது அவள் டி.வி. சத்தத்தைக் குறைத்துவிடுகிறாள். எனக்கு உதவி என்று வேறு சொல்கிறாள்.

நம் உப்பளத்தில் இந்த வருட உப்பு வாரி முடிந்தது. சுனாமிச் சேறு புகுந்த பாத்தி இந்த வருடம் விளையாது என்று எல்லோரும் கைவிரித்தார்களே, பார்த்தீர்களா? நீங்கள் மஸ்கட்டுக்குக் கிளம்புவதற்கு முன்னால் நானும் நீங்களும் ஒருத்தர் தோளை ஒருத்தர் பிடித்துக்கொண்டு சேறு இறுக மிதித்த கிழக்குப் பாத்திதான் முதலில் வெளுத்தது. மீதியை நானும் செந்தமிழும் மிதித்தோம். அவனோடு மிதிப்பது கஷ்டம். பாட்டுக்கு ஒரு கால், பேச்சுக்கு ஒரு கால் என்று வைப்பான். மழைக்கு முன்னால் உப்பு அம்பாரத்துக்கு ஓலை போட வேண்டும். சாமுண்டீஸ்வரி அக்கா வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

இனி உங்கள் தம்பி விஷயம். சென்னையில் இருந்து ராஜாங்கம் என்று ஒருத்தர் வெள்ளைக் காரில் வருகிறார். சினிமாவுக்குச் சாமான்கள் ஏற்பாடு செய்கிறவராம். வெள்ளைக்காரன் காலத்துப் படம் ஒன்று எடுக்கிறார்களாம். அதில் வருகிற பட்டாளத்துக்காரன் கையில் ஒரு துப்பாக்கி வேண்டுமாம். சாக்கில் கட்டிக் கொண்டுவந்து செந்தமிழின் பட்டறையில் கொட்டினார். ஒன்றுக்கொன்று சொந்தமே இல்லாத துண்டுகள். ஒன்று துருவேறிய பழசு, ஒன்று பளபளவென்று புதுசு, ஒன்றில் என்ன பாஷை என்றே தெரியாத எழுத்து. இதையெல்லாம் சேர்த்து ஒன்றாக்கித் தர வேண்டுமாம். செத்துப்போன மூன்று இன்ஜினில் இருந்து நம் அளத்துக்கு ஒரு இன்ஜினை ஓட வைத்தானே, அந்தப் பேர் எப்படியோ அவர் காதுக்குப் போயிருக்கிறது.

செந்தமிழுக்குக் கால் தரையில் இல்லை. படத்தில் எழுத்துப் போடும்போது அவன் பேரும் வருமாம். அத்தையின் உடைந்த கட்டில் காலை இழைத்து அதற்குக் கட்டை செய்து, டீத்தண்ணீர் பூசிப் பழசாக்கியிருக்கிறான். நேற்றுப் பார்த்தேன். நூறு வருடத்துப் பொருள் மாதிரியே இருக்கிறது.

ஆனால் எனக்கு ஒன்று உறுத்துகிறது. வெளியே பழசு, உள்ளே புதுசு என்கிறான். ஒரு தடவை சுட்டதும் கையால் எதையும் தள்ள வேண்டாம், விரலை அழுத்த அழுத்த அடுத்தது அதுவே ஏறிக்கொள்ளும் என்று பெருமையாகச் சொல்கிறான். வெள்ளைக்காரன் காலத்துத் துப்பாக்கிக்கு ஏன் இந்த அவசரம்? அந்த ராஜாங்கம் வந்தால் கட்டையைப் பார்ப்பதில்லை, பாலிஷைப் பார்ப்பதில்லை. டார்ச் அடித்துக் குழாய்க்குள் பார்க்கிறார். சினிமாவில் குழாய்க்குள் யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள் மாமா? இதைச் செந்தமிழிடம் கேட்டேன். “அண்ணி, நீங்க சீரியல் பாத்துப் பாத்து எல்லாத்தையும் சந்தேகப்படுறீங்க” என்று சிரித்தான். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். வந்த பிறகு சோறு இறங்கவில்லை.

நீங்கள் ஒரு வார்த்தை அவனுக்கு எழுதுங்கள். நான் சொன்னால் அண்ணி பயந்தாங்கொள்ளி. நீங்கள் சொன்னால் அண்ணன் சொல்.

சரண்யா தீபாவளிக்குப் பொட்டு வெடித் துப்பாக்கி கேட்கிறாள். சித்தப்பாவைப் பார்த்து வந்த ஆசை. நான் மத்தாப்பு போதும் என்று சொல்லியிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
ஆண்டாள்


மரக்காணம்
16.10.2005

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அவன் சின்னப் பையன் இல்லை, திறமை வெளியே வரட்டும், நீ நடுவில் புகாதே என்று எழுதியிருந்தீர்கள். நான் புகவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.  

ஆயுத பூஜை அன்று பட்டறையைக் கழுவி, லேத்துக்கு வாழைக்கன்று கட்டினான். ஸ்பேனர், சுத்தியல், அரம் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து வரிசையாக இலையில் வைத்தான். வீட்டில் இருந்து உப்பு வாரும் பலகை, என் அரிவாள்மணை, அத்தையின் முறம் எல்லாம் போயின. கடைசியில் உள்ளே போய் ஒரு துணி மூட்டையை எடுத்து வந்தான். நான் வேண்டாம் என்றேன். அவன் அத்தையைப் பார்த்தான். “கையால செஞ்ச பொருள சாமிக்குக் காட்டாம ஒளிச்சு வெச்சா வெளங்குமா?” என்று சொல்லி அத்தையே அதற்குக் குங்குமம் வைத்தார். பொய் சொல்லக் கூடாது, பார்க்க அழகாகத்தான் இருந்தது. நானும் ஒரு நிமிடம் நின்று பார்த்தேன்.

கற்பூரம் காட்டிவிட்டால் மறுநாள் வரை எதையும் தொடக் கூடாது, உங்களுக்குத் தெரியும். பொரி வாங்க வருகிறவர்களை வாசலோடு அனுப்பவும் கூடாது. ஊரே வந்தது. பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டு ஊரே அதைப் பார்த்தது. நான் மேலே ஒரு துண்டைப் போட்டேன். சாமிக்கு வைத்ததை மூடுவார்களா என்று அத்தை எடுத்துவிட்டார். தலையாரி மரியதாஸ் அண்ணன் பொரியை மென்றபடி ரொம்ப நேரம் நின்றார். “ஏம்பா, இது இன்னா பொம்மையா?” என்று கேட்டார். சினிமாவுக்கு என்றான் செந்தமிழ். “நல்லா இருக்குதுப்பா” என்று சொல்லிவிட்டுப் போனார். சிரிக்கவில்லை. சுனாமிக்கு அப்புறம் கடற்கரைப் பக்கம் புது ஆள் வந்தாலே ஸ்டேஷனுக்குச் சொல்ல வேண்டும் என்று அவருக்கு உத்தரவு இருக்கிறது.

மறுநாள் விஜயதசமி. பூஜைக்கு வைத்த ஒவ்வொன்றையும் எடுத்து, ஒவ்வொன்றாலும் கொஞ்சமாவது வேலை செய்துதான் தொழிலை ஆரம்பிக்க வேண்டும், ஒன்றை விட்டாலும் வருடம் முழுக்கத் தொழில் நொண்டும் என்பது அத்தையின் சட்டம். செந்தமிழ் லேத்தை ஓட்டினான், சுத்தியலால் இரும்பைத் தட்டினான். நான் பூசணி நறுக்கினேன். அத்தை அரிசி புடைத்தார். உப்புப் பலகையை எடுத்துக்கொண்டு எல்லோரும் அளத்துக்குப் போனோம். பாத்தியில் ஒரு இழுப்பு இழுத்து முடித்ததும் அத்தை, “அது ஒண்ணு பாக்கி இருக்குதேடா” என்றார்.

துப்பாக்கியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான், அவனிடம் தோட்டாவும் இருந்தது. சரியாக ஓடுகிறதா பார்க்க ராஜாங்கம் கொடுத்தது. சத்தம் மட்டும் போடும் வெத்துத் தோட்டா, முனை வெறும் மெழுகு, பெயிண்ட் அடித்தது என்று சொல்லிக் கொடுத்தாராம். செந்தமிழ் நம்பினான். நம்பினேன் என்றுதான் என்னிடம் சொல்கிறான். இன்ஜின் கொட்டகை ஓரம் கிடந்த பழைய டீசல் பீப்பாயைப் பார்த்து அழுத்தினான்.

மாமா, அந்தச் சத்தத்தை நான் எழுத முடியாது. கழுவெளி ஏரிப் பக்கம் மேய்ந்துகொண்டிருந்த பறவைகள் எல்லாம் ஒரே சமயம் எழுந்தன. பயத்தில் விரல் இறுகி இன்னொரு தடவையும் வெடித்தது. அவன் சொன்ன மாதிரியே அதுவே ஏறிக்கொண்டது. பீப்பாயில் இந்தப் பக்கமும் ஓட்டை, அந்தப் பக்கமும் ஓட்டை. பீப்பாய்க்குப் பின்னால் நம் அம்பாரம். அம்பாரத்தின் மேல் சாமுண்டீஸ்வரி அக்கா ஓலை கட்டிக்கொண்டிருந்தாள்.

அவள் தலைக்குப் பக்கத்தில் ஓலை பிய்ந்து தொங்கியது. அந்த இடத்தில் இருந்து உப்பு சரசரவென்று கொட்டிக்கொண்டே இருந்தது. அவள் கத்தவில்லை. இறங்கி வந்து செம்பில் இருந்த தண்ணீரைக் குடித்தாள். மறுபடியும் ஏறி மீதி ஓலையைக் கட்டினாள். வேலை முடிந்ததும் யாரிடமும் பேசாமல் போய்விட்டாள். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அத்தைக்கு அன்றைக்குப் பிடித்த நடுக்கம் இன்னும் போகவில்லை. நான்தானே சுடச் சொன்னேன், நான்தானே பொட்டு வைத்தேன் என்று அதையே சொல்கிறார். செந்தமிழ் பட்டறைப் பக்கமே போகவில்லை. அன்று சாயந்திரம் நான் அதைத் துணியோடு தூக்கிப் போய் அம்பாரத்து ஓலைக்குள் செருகி மேலே உப்பைத் தள்ளிவிட்டேன். ஒளித்து வைக்க எனக்கு வேறு என்ன இடம் தெரியும்? அது எங்கே என்று அவன் கேட்கவில்லை.

இப்போது எனக்கு இருக்கும் பயம் போலீஸ் மட்டும் இல்லை. ராஜாங்கம் யாரையோ மனதில் வைத்துக்கொண்டுதான் இதைச் செய்யச் சொல்லியிருக்கிறார். அந்த ஆள் யாரோ, எந்த ஊரோ. இன்றைக்கு அவர் வீட்டிலும் சோறு பொங்கியிருப்பார்கள். நம் வீட்டுக் கட்டில் காலில் செய்த துப்பாக்கி அவருக்காகக் காத்திருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. கண்ணை மூடினால் முகம் இல்லாமல் ஒரு ஆள் வந்து நிற்கிறார்.

நேற்று சமையல் செய்துகொண்டிருக்கும்போது வாசலில் ஒரு விசில் சத்தம். போய்ப் பார்த்தால் சரண்யா, அந்தத் தோட்டாவின் வெறும் பித்தளைக் கூட்டை உதட்டில் வைத்து ஊதிக்கொண்டிருக்கிறாள். அளத்தில் பொறுக்கினாளாம். பிடுங்கி அலமாரிக்கு மேலே வைத்தேன். அழுது தீர்த்துவிட்டாள்.

அவனிடம் நீங்கள் பேசுங்கள். யார் கேட்டாலும் அதைக் கொடுக்கக் கூடாது என்று சொல்லுங்கள். மாரியம்மாள் வீட்டுக்குப் போன் செய்தால் ‘இன்ஜின்’ என்று சொல்லுங்கள், அவனுக்குப் புரியும். என்னைக் கோபித்துக்கொள்ள வேண்டுமானால் அதற்கு அப்புறம் கோபித்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
ஆண்டாள்


மரக்காணம்
13.11.2005

அன்புள்ள மாமாவுக்கு,

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிறவர் கோட்டக்குப்பம் பஷீர் பாய். லீவு முடிந்து நாளைக்கு மஸ்கட் திரும்புகிறார். தபாலில் போடப் பயமாக இருந்தது, அதனால் அவர் வீட்டுக்கே போய்க் கொடுக்கிறேன். என்ன விஷயம் என்று அவருக்குத் தெரியாது. எலுமிச்சை ஊறுகாயும் முறுக்கும் கொடுத்திருக்கிறேன். முதலில் சாப்பிடுங்கள், அப்புறம் படியுங்கள்.

நீங்கள் போனில் இன்ஜினை யாருக்கும் கொடுக்காதே என்று சொன்னதும் செந்தமிழ் அழுதுவிட்டான். மாரியம்மாள் பார்த்துவிட்டு, ஒரு இன்ஜினுக்காக அழுகிற ஆம்பளையை இப்போதுதான் பார்க்கிறேன் என்று தெரு முழுக்கச் சொன்னாள். நல்லதுதான் என்று விட்டுவிட்டேன்.

தீபாவளியை நாங்கள் கொண்டாடவில்லை. மழையும் விடவில்லை. தெருவில் வெடி போட்டால் அத்தை காதைப் பொத்திக்கொண்டு பூஜை அறையில் உட்கார்ந்துவிடுகிறார். தீபாவளி முடிந்த மறுநாள் ராஜாங்கம் வந்தார்.

வேலை முடியவில்லை, சாமான் சரியில்லை, எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுவிட்டேன் என்று செந்தமிழ் பொய் சொன்னான். அவர் கோபப்படவே இல்லை. நான் கொடுத்த டீயைக் குடித்தார். அத்தையின் உடம்பை விசாரித்தார். அந்த நேரம் பார்த்து சரண்யா அலமாரி மேல் ஏறி அந்தக் கூட்டை எடுத்து, ஊதிக்கொண்டே வந்து அவர் எதிரில் நின்றாள். அவர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்துவிட்டது. “அப்ப நல்லா வேல செய்யுது” என்றார்.

அதற்கு அப்புறம் அவர் கேட்டது எதுவும் துப்பாக்கியைப் பற்றி இல்லை. சரண்யா எந்த வகுப்பு, பள்ளிக்கூடம் விட்டால் தனியாக வருவாளா, யாராவது போய்க் கூட்டி வருவார்களா என்று கேட்டார். “அண்ணன் மஸ்கட்ல எந்தக் கம்பெனி? அங்க நமக்கும் ஆளுங்க இருக்காங்க” என்றார். கார்த்திகை பிறந்ததும் வருகிறேன், தயாராக இருக்கட்டும் என்று சரண்யாவின் தலையைத் தடவிவிட்டுப் போனார். அவர் கை பட்ட தலைக்கு நான் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினேன். அதற்கு மேல் என்னால் என்ன செய்ய முடியும்?

அன்றில் இருந்து சரண்யாவைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. மழை லீவு என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். வெள்ளைக் கார் எது போனாலும் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்துகிறேன். ஈ.சி.ஆர். ரோட்டில் வெள்ளைக் காருக்குக் குறைச்சலா?

செந்தமிழ் இரண்டு மனதாக இருந்தான். கொடுத்துத் தொலைத்துவிடலாம், குழந்தை முக்கியம் என்று ஒரு நேரம் சொல்வான். பிரித்துக் கழுவெளியில் போட்டுவிடலாம் என்று இன்னொரு நேரம் சொல்வான். நானும்தான் மாமா. உங்களிடம் மறைப்பானேன், கொடுத்துவிடு என்று நானும் ஒரு தடவை சொல்லிவிட்டேன். முகம் தெரியாத ஒருத்தருக்காக என் பிள்ளையை வைத்துச் சூதாட முடியுமா?

போன வியாழக்கிழமை சாமுண்டீஸ்வரி அக்கா வந்தாள். அந்த நாளுக்குப் பிறகு நம் வீட்டுப் படி ஏறியது அன்றைக்குத்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. செந்தமிழைக் கூப்பிட்டு நிறுத்தினாள். “தம்பி, எங்கூட்டுல யாருக்கும் தெரியாது. நான் சொல்லல. உன்ன வளத்தவங்க முகத்துக்காக சொல்லல. ஆனா எனக்கு ஒண்ணும் ஆகலங்கறதால அது ஒண்ணும் ஆகாத பொருளாயிடாது. அது யாரு தலைக்குன்னு செஞ்சியோ, அவன் பொண்டாட்டிகிட்டயும் நான் சொல்லாமலே இருந்துடணுமா?” என்று கேட்டாள். அவள் முந்தானையில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்து அவன் கையில் வைத்தாள். அம்பாரத்தில் இருந்து அவள் தோண்டி எடுத்த ஈயத் துண்டு. நசுங்கிப் போய் இருந்தது.

அவள் போன பிறகு அவன் என்னிடம் அது எங்கே என்று கேட்டான். இருவரும் நனைந்துகொண்டே அளத்துக்குப் போனோம். ஓலையை விலக்கி எடுத்தால், மாமா, உப்பு தன் வேலையைக் காட்டிவிட்டது. துணியெல்லாம் சிவந்து, குழாய் முழுக்கப் பொருக்குத் தட்டிப் போயிருந்தது. அவன் அதை மடியில் வைத்துத் துடைத்தான். துடைக்கத் துடைக்கத் துரு கையில் வந்தது. தேய்த்து எண்ணெய் போட்டால் ஓடுமா என்று கேட்டேன். ஓடும் அண்ணி, அதுதான் பயம் என்றான். அப்புறம் அவனே, நான் ஸ்டேஷனுக்குப் போறேன் அண்ணி என்றான்.

நாளை மறுநாள் காலையில் மரியதாஸ் அண்ணனைக் கூட்டிக்கொண்டு, இதையும் அந்த ஈயத் துண்டையும் எடுத்துக்கொண்டு போகப் போகிறான். ராஜாங்கம் வந்தது, சொன்னது எல்லாவற்றையும் சொல்லப் போகிறான். மரியதாஸ் அண்ணனிடம் பேசியாகிவிட்டது. பொரி தின்ற அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், ஒரே தெரு ஆயிற்றே என்று வாயை மூடிக்கொண்டேன் என்றார். தானாகப் போனால் நல்லது, ஆனால் உள்ளே வைக்க மாட்டார்கள் என்று என்னால் சொல்ல முடியாது, செய்தது இவன் கைதானே என்றும் சொன்னார். அவர் சொன்னதில் எனக்குப் பிடித்தது அந்த நேர்மை ஒன்றுதான்.

ராஜாங்கம் பிடிபடுவாரா, அதுவும் தெரியாது. அவர் பேர் ராஜாங்கம்தானா என்பதே இப்போது சந்தேகமாக இருக்கிறது. பிடிபடாவிட்டால் அவர் கண்ணுக்கு முதலில் தெரிவது நம் வீடுதான். சரண்யாவை நாளைக்கே திண்டிவனத்தில் என் தங்கை வீட்டுக்கு அனுப்புகிறேன். நீங்களும் தெரியாதவர்கள் கூப்பிட்டால் கேம்பை விட்டு வெளியே போகாதீர்கள். எந்தக் கம்பெனி என்று நாங்கள் அவரிடம் சொல்லவில்லை.

அத்தையும் கூடப் போவேன் என்று பிடிவாதம் பிடிக்கிறார். நடுங்குகிற கையோடு நின்று, என் பிள்ளை இல்லை, நான்தான் சுடச் சொன்னேன் என்று சொல்லப் போகிறாராம். நீங்கள் அத்தைக்கு ஒரு கடிதம் போடுங்கள். செந்தமிழ் சரியானதைத்தான் செய்தான், சாமி கும்பிட்டதில் தப்பில்லை என்று எழுதுங்கள். நான் வாசித்துக் காட்டுகிறேன்.

உங்களைக் கிளம்பி வரச் சொல்லி நான் எழுதவில்லை. ஒப்பந்தம் முடியாமல் வர விடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். நான் இங்கே சமாளிப்பேன். பகலில் சமாளிக்கிறேன்.

மழையில் பாத்தி எல்லாம் கரைந்து ஒரே சேறாகக் கிடக்கிறது. தை பிறந்தால் மிதிக்க வேண்டும். செந்தமிழ் அப்போது இங்கே இருப்பானா, இருக்க விடுவார்களா, தெரியாது. அத்தையால் முடியாது. சாமுண்டீஸ்வரி அக்காவை இனி எந்த முகத்தோடு கூப்பிடுவேன்? கிழக்குப் பாத்தியில் போய் நேற்று நான் தனியாகக் கால் வைத்துப் பார்த்தேன். பிடித்துக்கொள்ள ஒரு தோள் இல்லாமல் ஒரு அடி எடுத்து வைக்க முடியவில்லை மாமா.

பச்சைவாழியம்மன் உங்களுக்கும் எங்களுக்கும், அந்த முகம் தெரியாத ஆளின் வீட்டுக்கும் துணை இருக்கட்டும்.

உங்கள்
ஆண்டாள்